எட்டு மீட்டர் ஆழத்துக் கோடை

1837-ல் எடின்பரோ நகரத்துக் கால்டன் குன்றில், வானாய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில், பாறையைத் துளைத்து நான்கு வெப்பமானிகளை இறக்கினார்கள். இறக்கச் சொன்னவர் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். நான்கும் நான்கு வெவ்வேறு ஆழத்தில் இருந்தன. மிக ஆழமானது தரைக்குக் கீழே ஏறத்தாழ 8 மீட்டர். குமிழ் அடியில் பாறைக்குள் கிடக்கும். அதிலிருந்து எழும் நீண்ட கண்ணாடிக் குழாய் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். ஆண்டுக்கணக்கில் ஆட்கள் அதைப் படித்துக் குறித்துக்கொண்டே இருந்தார்கள்.

குறிப்பேட்டில் சேர்ந்த எண்கள் ஓர் அழகான உண்மையைச் சொல்லின. மேலே இருந்த வெப்பமானி பருவத்தோடு ஏறி இறங்கியது. ஆழம் கூடக் கூட ஏற்ற இறக்கம் சுருங்கியது, தாமதமும் ஆனது. எட்டு மீட்டரில் ஆண்டு முழுவதற்குமான வேறுபாடே ஒரு பாகைக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சின்ன ஏற்றத்தின் உச்சமும் ஜூலையில் வரவில்லை, ஜனவரியில் வந்தது. வெயில் தரையில் பட்டு, பாறை வழியே மெல்ல மெல்ல இறங்கி, எட்டு மீட்டரைக் கடக்க ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மேலே ஸ்காட்லாந்தின் பனிக்காலம் உறைந்து கிடக்கும்போது, கீழே போன கோடை அப்போதுதான் வந்து சேருகிறது.

இன்று உலகின் பல குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் பயன்படும் ஜியோதெர்மல் ஹீட் பம்ப் இந்த உண்மையின் மேல்தான் நிற்கிறது. புவிவெப்பம் என்றவுடன் எரிமலை, வெந்நீர் ஊற்று, கொதிக்கும் பாறை எல்லாம் நினைவுக்கு வரும். ஐஸ்லாந்தில் அது சரி. ஆனால் ஒரு வீட்டுத் தோட்டத்தில் குழாய் புதைத்து எடுக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு வெயில் தந்ததுதான். சில மீட்டர் ஆழத்துக்குப் போய்விட்டால், அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே மண்ணும் இருக்கும். பாரிஸ் வானாய்வுக்கூடத்துக்கு அடியில் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் உண்டு. கோடையிலும் பனியிலும் அங்கே ஒரே வெப்பம் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே அளந்து வைத்திருந்தார்கள்.

ஆக, மண்ணின் குணம் தெரிந்திருந்தது. அதிலிருந்து வெப்பத்தை எடுக்கும் வழிதான் வேண்டியிருந்தது.

அந்த வழியும் அதே ஸ்காட்லாந்தில், ஏறத்தாழ அதே ஆட்கள் நடுவிலேயே பிறந்தது. கால்டன் குன்று வானாய்வுக்கூடத்துக்குப் பின்னாளில் தலைவராக வந்தவர் சார்லஸ் பியாஸி ஸ்மித். இளமையில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் வேலை பார்த்தவர்; வெயில் என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர். காற்றை அழுத்தி, அப்போது எழும் சூட்டைப் போக்கிவிட்டு, மறுபடி விரியவிட்டால் அது குளிரும். அதைக் கொண்டு வெப்பநாடுகளில் அறைகளைக் குளிர்விக்கலாம் என்று 1850-ஐ ஒட்டி எழுதினார். அந்தக் காலத்தில் குளிர்ச்சிக்கு மனிதர்கள் பட்ட பாட்டுக்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. பாஸ்டனில் ஏரிகளிலிருந்து அறுத்தெடுத்த பனிக்கட்டியைக் கப்பலில் ஏற்றி, பாதி உலகைச் சுற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து சேமிக்க 1842-ல் கட்டியதுதான் கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

ஸ்மித்தின் யோசனையை எடுத்துக்கொண்டு ஆழமாகப் போனவர் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் லார்ட் கெல்வின். 1852 டிசம்பரில், தமது 28-ஆம் வயதில், கட்டடங்களைக் காற்றோட்டத்தால் சூடாக்குவதிலும் குளிர்விப்பதிலும் உள்ள சிக்கனம் பற்றி ஒரு கட்டுரை படித்தார். நீராவி எஞ்சின் சூட்டிலிருந்து வேலையைப் பெறுகிறது. அதைப் பின்னோக்கி ஓட்டினால், வேலையைக் கொடுத்து, குளிர்ந்த இடத்திலிருந்து சூட்டை எடுத்துச் சூடான இடத்தில் சேர்க்கலாம். நிலக்கரியை அடுப்பில் போட்டு அறையைச் சூடாக்குவதைவிட, அதே நிலக்கரியில் எஞ்சினை ஓட்டி வெளியே இருக்கும் வெப்பத்தை உள்ளே கொண்டுவந்தால் மிகக் குறைந்த கரியே போதும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

ஆச்சரியம் என்னவென்றால், 1860-களின் தொடக்கத்தில் ஃபோர்ப்ஸின் கால்டன் குன்று எண்களை எடுத்து அலசிக் கட்டுரை எழுதியவரும் இதே கெல்வின்தான். பின்னோக்கி ஓடும் எஞ்சின் அவருடைய ஒரு கட்டுரையில். ஜனவரியிலும் சூடு தேக்கி வைத்திருக்கும் மண் இன்னொரு கட்டுரையில். இரண்டையும் ஒரே கருவியாக எண்ணிப் பார்க்க உலகத்துக்கு அதற்குப் பிறகு இன்னும் ஐம்பது ஆண்டு ஆயிற்று. அறிவு ஒருவரிடமே இருந்தாலும், தேவை கூப்பிடாமல் அது வெளியே வருவதில்லை என்றே இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு ஏ.சி.யும் ஒரு ஹீட் பம்ப்தான். அறையில் இருக்கும் சூட்டை எடுத்து அவுட்டோர் யூனிட் வழியாகத் தெருவில் கொட்டுகிறது. குழாய்க்குள் ஓடும் கேஸ், அழுத்தம் குறைந்த இடத்தில் ஆவியாகிச் சூட்டை உறிஞ்சும். கம்ப்ரசர் அதை அழுத்தினால் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். மறுபுறத்தில் அந்தச் சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகித் திரும்பும். ஒரு வால்வைத் திருப்பினால் திசை மாறும்: வெளியே இருப்பதை எடுத்து உள்ளே கொடுக்கும். கிணற்றில் நீர்மட்டம் மேலே இருந்தால் மோட்டாருக்கு வேலை குறைவு, கீழே போகப் போகக் கரண்ட் அதிகம் தின்னும். வெப்பத்தை ஏற்றுவதிலும் அதே நியாயம்தான். வெளியே காற்று மைனஸ் 20 பாகையில் இருக்கும்போது, அதிலிருந்து சூட்டைப் பிழிந்து 40 பாகைக்கு ஏற்றக் கம்ப்ரசர் திணறிப் போகும். மண் 8 அல்லது 10 பாகையில் காத்திருந்தால் ஏற்றவேண்டிய உயரம் பாதியாகிறது. அதனால்தான் ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொடுத்து மூன்று, நான்கு யூனிட் வெப்பத்தைப் பெற முடிகிறது. மீதி இரண்டும் மூன்றும் மண் கொடுத்தவை.

கெல்வின் ஏட்டில் எழுதியதற்கு ஐந்து ஆண்டுக்குள், ஆஸ்திரியாவில் ஒருவர் அதன் நெருங்கிய உறவுமுறைக் கருவி ஒன்றைச் செய்தே பார்த்துவிட்டார். பெயர் பீட்டர் ரிட்டிங்கர், சுரங்கப் பொறியாளர். இடம் எபன்ஸே உப்பாலை. அங்கே உப்புநீரைக் காய்ச்சி உப்பு எடுப்பார்கள். காய்ச்சுவதற்கு விறகு மலைமலையாகப் போகும். காய்ச்சும்போது எழும் ஆவி வீணாக மேலே போவதை அவர் பார்த்தார். அதைப் பிடித்து, ஓடும் நீரின் விசையால் கம்ப்ரசரை இயக்கி அழுத்தி, சூடேற்றி, மறுபடி அதே உப்புநீரைக் காய்ச்ச அனுப்பினால் விறகில் பெரும்பங்கு மிச்சமாகும் என்பது அவர் கணக்கு. 1857 வாக்கில் ஓட்டிப் பார்த்தார். பாத்திரத்தில் உப்பு பாறையாகப் படிந்து வேலையைக் கெடுத்தது. இருபது ஆண்டு கழித்துச் சுவிட்சர்லாந்தின் பெக்ஸ் உப்பாலையில் அதே யோசனை சரியாக வேலை செய்தது. விறகு தட்டுப்பாடுதான் அந்தக் கருவியின் தாய்.

மண்ணையும் கருவியையும் சேர்த்தவர் ஹைன்ரிஹ் ஸோலி. மெக்ஸிகோவில் பிறந்த சுவிஸ்காரர். ஸூரிக்கில் எஷர் வீஸ் நிறுவனத்தில் நீராவி டர்பைன் செய்து பெயர் பெற்றவர். மண்ணிலிருந்து வெப்பத்தை எடுத்து ஹீட் பம்ப் வழியாக வீட்டுக்குத் தரலாம் என்பதற்கு 1912-ல் சுவிஸ் காப்புரிமை பெற்றார். தாளில் பிறந்த தேதி அதுதான். ஆனால் அப்போது நல்ல கம்ப்ரசர் கிடையாது. மின்சாரம் விலை உயர்ந்தது. நிலக்கரியோ மலிவாகக் குவிந்து கிடந்தது. காப்புரிமை தாளிலேயே தங்கியது.

அடுத்த அடியை எடுத்து வைத்ததும் அதே ஊர், அதே நிறுவனம். ஸூரிக் நகரமன்றக் கட்டடம் லிம்மாட் ஆற்றின் மேலேயே நிற்கும் பழைய மாளிகை. அங்கிருந்த விறகடுப்புகளை எடுத்துவிட்டு 1938-ல் எஷர் வீஸ் ஒரு ஹீட் பம்பை வைத்தது. குளிர்ந்த ஆற்றுநீரிலிருந்து சூட்டை எடுத்து மன்றக்கூடத்துக்குக் கொடுத்தது அது. கோடையில் திசையை மாற்றிக் குளிரூட்டவும் முடிந்தது. அந்த இயந்திரம் 2001 வரை, 63 ஆண்டு ஓடியது. அதை வைத்த கொஞ்ச நாளிலேயே இரண்டாம் உலகப் போர் வந்தது. நான்கு பக்கமும் சண்டை நடக்க, நிலக்கரிச் சுரங்கம் இல்லாத சுவிட்சர்லாந்து தன் ஏரி, ஆறு, நிலத்தடி நீர் எல்லாவற்றிலும் சூட்டைத் தேடியது. போர் முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட ஹீட் பம்புகள் அந்தச் சின்ன நாட்டில் ஓடிக்கொண்டிருந்தன.

இங்கிலாந்தில் நார்விச் நகராட்சி மின்துறையின் பொறியாளர் ஜான் சம்னர், 1945-ல் நிலக்கரிப் பஞ்சத்தின் நடுவே, கிடைத்த பழைய பாகங்களைக் கோத்து வென்சம் ஆற்றிலிருந்து தம் அலுவலகத்தைச் சூடாக்கினார். கொடுத்த மின்சாரத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பம் கிடைத்தது. அமெரிக்காவில் போர்ட்லாண்ட் நகரத்தில் டோனல்ட் க்ரோகர் என்ற பொறியாளர், 1948-ல் கட்டிய ஈக்விட்டபிள் கட்டடத்துக்கு நிலத்தடி நீரை வைத்து ஏற்பாடு செய்தார். பியெத்ரோ பெல்லுஸ்கி வடிவமைத்த அந்த அலுமினியக் கட்டடம் இப்போது காமன்வெல்த் கட்டடம் என்ற பெயரில் நிற்கிறது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1980-ல் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

ஆறும் கிணறும் எல்லோருக்கும் வாய்க்காது. வெறும் மண்ணில் குழாயைப் புதைத்து வாழ்ந்து காட்டியவர்களில் முதலில் பேசப்படுபவர் இண்டியானாபொலிஸ் நகரத்து ராபர்ட் வெப்பர். வீட்டில் டீப் ஃப்ரீசரை நோண்டிக்கொண்டிருந்தபோது வெளிக்குழாயில் கை பட்டுச் சுட்டுவிட்டதாம். உள்ளே உறையவைக்கும் பெட்டி வெளியே இவ்வளவு சூட்டைக் கொட்டுகிறதே என்று, முதலில் அதை வெந்நீருக்குத் திருப்பினார், மீதியை விசிறி வைத்து அறைக்குள் அனுப்பினார் என்று சொல்வார்கள். கதையின் அலங்காரம் எப்படியும் இருக்கட்டும். 1945 அக்டோபரிலிருந்து அவர் வீட்டில் மண்ணுக்குள் புதைத்த செம்புக் குழாயால் இயங்கிய ஹீட் பம்பின் அளவுகள் பதிவாகியிருக்கின்றன. மண் மூலம் சூடான வீடுகளில் முறையாக அளந்து எழுதிவைத்த முதல் வீடு அது.

அந்த ஆண்டுகளிலேயே மண்ணின் கணிதமும் எழுந்தது. குழாய் வெப்பத்தை உறிஞ்ச உறிஞ்ச அதைச் சுற்றியுள்ள மண் குளிரும். எவ்வளவு வேகமாகக் குளிரும், எத்தனை மீட்டர் குழாய் வேண்டும்? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லியோனார்ட் இங்கர்சால் 1948-ல் பிளாஸ் என்பவரோடு சேர்ந்து இதற்கு விடை எழுதினார். அவர்கள் கையில் எடுத்த சமன்பாடு கெல்வின் விட்டுப்போனது. ஸ்காட்லாந்தில் பிரிந்து கிடந்த இரண்டு இழைகளும் அவருடைய கணக்கு வழியாகவே இப்படி வந்து முடிச்சுப் போட்டுக்கொண்டன.

இத்தனைக்குப் பிறகும் கருவி பிறக்கவில்லை. பிறந்து பிறந்து இறந்தது என்பதே சரி. 1950-களில் அமெரிக்காவில் பல இடங்களில் சோதனை போட்டார்கள். செம்பும் இரும்பும் மண்ணில் அரித்தன; இணைப்புகள் ஒழுகின. தரைக்குக் கீழே இரண்டு மீட்டரில் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று எவர் தேடுவார்? தோட்டத்தையே தோண்டவேண்டும். அதற்குள் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் மலிவாகக் குழாயில் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டன. ஹீட் பம்ப் பற்றிய பேச்சு அடங்கியது.

இந்தக் கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கெல்வினையும் ஸோலியையும் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் இதைச் சாமானியர் வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமையில் பெரும்பங்கை நான் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குத் தருவேன். 1933-ல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்துப் பரிசோதனைக்கூடத்தில் எதையோ தேடப்போய் எதிர்பாராமல் கிடைத்த வெள்ளை மெழுகுதான் பாலிஎத்திலீன். 1953-ல் ஜெர்மனியில் கார்ல் ஸீக்லர் அதைக் கெட்டியாகவும் வலுவாகவும் செய்யும் வழியைக் கண்டார். அதற்காக 1963-ல் நோபல் பரிசும் பெற்றார். எரிவாயு நிறுவனங்கள் அந்தக் குழாயை எடுத்துக்கொண்டன. துருப்பிடிக்காது, வளைத்தால் வளையும். எல்லாவற்றையும்விட, இரண்டு முனைகளையும் சூடான தட்டில் இளக்கி ஒட்டவைத்தால் இணைப்பு என்றே ஒன்று இருக்காது. ஒட்டிய இடம் குழாயைப்போலவே உறுதியாக இருக்கும். பசையும் திருகும் தேவையில்லாததால் ஒழுக இடமில்லை.

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது இந்தக் குழாய் தயாராகக் காத்திருந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் போஸும் அவருடைய சகாக்களும் எழுபதுகளின் கடைசியில் மூடிய வளையத்தைக் கட்டி ஆராயத் தொடங்கினார்கள். விலை உயர்ந்த கேஸ் வீட்டுக்குள் இருக்கும் பெட்டியிலேயே சுற்றும். மண்ணுக்குள் போவது உறையாமல் மருந்து கலந்த தண்ணீர் மட்டும். 1987-ல் அங்கேயே இதற்கென ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. குழாய் ஒட்டுவதற்கு ஆட்களைப் பயிற்றுவித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். இந்தப் பயிற்சிதான் கருவியைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். நல்ல யோசனைகள் பலவும் அரைகுறை வேலையால்தான் பெயர் கெட்டுப் போயிருக்கின்றன.

ஸ்வீடன் வேறு வழியில் போனது. எண்ணெய் எரித்தே வீடுகளைச் சூடாக்கிவந்த நாடு அது. காலுக்குக் கீழே கெட்டியான கருங்கல். போர்வெல் போடும் லாரிகள் வீட்டு வாசலில் நின்று நூறு, நூற்றைம்பது மீட்டருக்குத் துளையிட்டன. துளைக்குள் யூ வடிவில் குழாயை இறக்கினால் போதும். நிலத்தடி நீர் தானாகவே நிரம்பி, பாறையின் சூட்டைக் குழாய்க்குக் கடத்தும். 1986-ல் எண்ணெய் விலை சரிந்ததும் விற்பனையும் விழுந்தது. ஆனால் இந்த முறை கருவி சாகவில்லை. தொண்ணூறுகளில் அரசு முன்னின்று நல்ல இயந்திரங்களைச் செய்யவைத்தது. இன்று லட்சக்கணக்கான ஸ்வீடன் வீடுகளுக்கு அடியில் இப்படியொரு துளை இருக்கிறது. லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர் எஸ்கில்ஸன் 1987-ல் எழுதிய ஆய்வேடு, பக்கத்துப் பக்கத்தில் பல துளைகள் போட்டால் ஒன்று மற்றதன் சூட்டை எவ்வளவு திருடும், பத்து ஆண்டு, ஐம்பது ஆண்டு கழித்துப் பாறை எப்படி இருக்கும் என்று கணக்கிடும் வழியைத் தந்தது. உலகெங்கும் இந்தத் துறையில் வடிவமைப்பவர்கள் இன்றும் அந்த வழியில்தான் நடக்கிறார்கள்.

பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது லூசியானா மாநிலத்து ஃபோர்ட் போல்க் ராணுவக் குடியிருப்பை. அங்கே புழுக்கம் நம் கடற்கரை ஊர்களை நினைவூட்டும். தொண்ணூறுகளின் நடுவில் 4,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் பழைய ஏ.சி.க்களையும் எரிவாயு அடுப்புகளையும் எடுத்துவிட்டு மண்குழாய் ஹீட் பம்ப் வைத்தார்கள். கூடவே விளக்குகளையும் மாற்றினார்கள். ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அளந்து பார்த்தது. மின்செலவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, எரிவாயுவே தேவைப்படவில்லை. கோடைப் பிற்பகலில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏ.சி. போடும்போது எகிறும் உச்சத் தேவை 43 சதவீதம் இறங்கியது. ஒரு வீட்டின் பில் குறைவதைவிட இந்தக் கடைசி எண்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உச்ச நேரத்துக்காகத்தான் புதிய மின்நிலையங்களைக் கட்டுகிறோம். அது இறங்கினால் கட்டாமலே விடலாம்.

இண்டியானா மாநிலத்து பால் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பழைய நிலக்கரிக் கொதிகலன்களை மாற்றவேண்டி வந்தபோது, விளையாட்டுத் திடல்களுக்கும் வாகன நிறுத்தங்களுக்கும் அடியில் ஏறத்தாழ 3,600 துளைகளைப் போட்டது. 2014-ல் கரி எரிப்பது நின்றது. குழாய்கள் இருக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாது. மேலே மாணவர்கள் பந்து விளையாடுகிறார்கள். வெளியே இரைச்சலிடும் யூனிட் இல்லை, வெயிலிலும் மழையிலும் துருப்பிடிக்க எதுவும் இல்லை, வீட்டுக்குள் நெருப்பும் இல்லை. உள்ளே இருக்கும் இயந்திரம் இருபது, இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். மண்ணில் கிடக்கும் குழாய் ஐம்பது ஆண்டைத் தாண்டும்.

குறையும் உண்டு. துளை போடும் செலவுதான் பெரிய மலை. அதைச் சுமக்க முடியாமல்தான் பலர் பின்வாங்குகிறார்கள். இன்னொன்று, மண்ணுக்கும் கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்கவேண்டும். கோடையில் வீட்டுச் சூட்டை மண்ணில் இறக்கி, பனிக்காலத்தில் அதையே திரும்ப எடுக்கும் ஊர்களில் இது மிகச் சிறப்பாக ஓடும். சென்னைக்கு இதை அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இங்கே மண்ணே 28 பாகைக்கு மேல். திரும்ப எடுக்கப் பனிக்காலமும் கிடையாது. ஆண்டு முழுவதும் சூட்டையே இறக்கிக்கொண்டிருந்தால் குழாயைச் சுற்றிய மண் மெல்ல மெல்லச் சூடேறி, சில ஆண்டுகளில் ஆதாயத்தைத் தின்றுவிடும். காஷ்மீருக்கும் இமாச்சலத்துக்கும் கணக்கு வேறு; அங்கே புகையும் கணப்புகளுக்கு இது நேர்மையான மாற்று.

செலவுச் சிக்கலுக்கு இப்போது முளைத்துவரும் விடை, துளையை ஒவ்வொரு வீட்டுக்காரர் தலையிலும் போடாமல் தெருவுக்கே பொதுவாகப் போடுவது. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃப்ரேமிங்ஹாம் நகரத்தில் 2024 ஜூனில் அப்படி ஒரு வளையம் ஓடத் தொடங்கியது. முப்பதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் தெருவுக்கு அடியில் ஓடும் ஒரே தண்ணீர்க் குழாயோடு இணைந்திருக்கின்றன. பேக்கரியும் கடையும் வெளியே தள்ளும் சூட்டைப் பக்கத்து வீடு எடுத்துக்கொள்ள முடியும். வீட்டுக்காரர் மாத பில் மட்டும் கட்டுகிறார். துளை, குழாய் எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. அந்த வளையத்தைப் போட்டு நடத்துவது எவர்ஸோர்ஸ் என்ற எரிவாயு நிறுவனம். தெருவைத் தோண்டி, பாலிஎத்திலீன் குழாயை இறக்கி, முனைகளை இளக்கி ஒட்டுவது அதன் ஆட்களுக்குப் பழகிய வேலை. இத்தனை காலம் எரிவாயுவுக்காகச் செய்தார்கள், இங்கே தண்ணீருக்காகச் செய்திருக்கிறார்கள்.